மீன்பெட்டிக்குள் வைத்த கதை

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னால், திரை போட்ட சின்ன அறையில் அவளுக்கு வேலை. முன்னால் வந்து நிற்பவர்கள் ஒவ்வொரு சட்டமாக மாட்டிப் பார்த்து முகத்தைக் கோணிக்கொண்டிருக்க, பின்னால் அவள் வில்லையை இயந்திரத்தில் கொடுத்து ஓரம் தேய்த்து, சட்டத்துக்குள் உட்கார வைத்து, எறும்புத் தலை அளவுள்ள திருகாணியை முடுக்குவாள். ஒரு மயிரிழை கூடினால் வில்லை உள்ளே போகாது. குறைந்தால் கழன்று கீழே விழும். அந்த வேலையில் அழித்துத் திருத்துவது என்ற பேச்சே கிடையாது. தேய்த்தது தேய்த்ததுதான்.

இப்படிக் குனிந்தே இருந்ததில் ஒருநாள் முதுகு பிடித்துக்கொண்டது. காலையில் கொஞ்சம் நடங்கள் என்றார் மருத்துவர். நடந்து பார்த்தாள். கூட நடப்பவர்கள் எல்லாரும் அவரவர் வியாதியை விரித்து வைக்க, அவர்களிடமிருந்து தப்பித்தால் போதும் என்று ஓட ஆரம்பித்தாள். தப்பிக்க ஓடியவளுக்கு ஓட்டமே பிடித்துப்போயிற்று. விளையாட்டுத் திடலைச் சுற்றி, பேருந்துப் பணிமனையின் நீளச் சுவரை ஒட்டி, தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்புவாள். பந்தயம் கிந்தயம் எதற்கும் போனதில்லை. உன்னை யார் துரத்துகிறார்கள் என்று கேட்காத ஆள் அந்தத் தெருவில் இல்லை. யாரும் துரத்தாமல் ஓடுவதில்தான் சுகமே இருக்கிறது. அது தெரிந்திருந்தால் அவர்கள் ஏன் வாசலில் நின்று கேட்கப்போகிறார்கள்.

ஓட்டத்தோடு நின்றிருந்தால் சரி. அவளுக்குக் கதை எழுதும் ஆசையும் இருந்தது. அந்த ஆசைக்கு முன்னாலேயே, சின்ன வயதிலிருந்து, காகிதம், பேனா, பென்சில் என்றால் உயிர். மற்றவர்கள் துணிக்கடை வாசலில் நிற்பதுபோல் அவள் எழுதுபொருள் கடை வாசலில் நிற்பாள். புது நோட்டை விரித்து முகர்ந்து பார்ப்பாள். காகிதத்தை விரலால் தடவி, இது மை ஊறும், இது ஊறாது என்று சொல்லிவிடுவாள். அவள் கணவர் தையற்காரர். வீட்டு முன்னறையில் அவருடைய தையல் இயந்திரமும் துணி வெட்டும் மேசையும் இருந்தன. அந்த மேசையின் மேல் இழுப்பறையில் அவருடைய நூல்கண்டும் பொத்தானும். கீழ் இழுப்பறை முழுக்க இவளுடைய பேனாவும் கிளிப்பும் ரப்பரும். அவர் ஊசி தேடும்போது பென்சில் வரும். எடுத்துக் காதில் செருகிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்.

தொல்லை என்னவென்றால், பொருள் நன்றாக இருக்க இருக்க அவளுக்கு எழுதக் கை வராது. அவ்வளவு அழகான நோட்டில் ஒரு தப்பான வாக்கியத்தை எழுதிக் கெடுப்பதா என்று தயங்குவாள். எழுதுவாள், பாதிப் பக்கத்தில் ஓர் அடித்தல் விழும், மனது ஒடிந்துவிடும், நோட்டை மூடிவிடுவாள். பிறகு இன்னொரு நோட்டு. முதல் பக்கம் பாதி எழுதிய நோட்டுகள் அலமாரியில் வரிசையாக நின்றன. கணவரின் அக்கா, அவளுக்கு அண்ணி, அடுத்த தெருவில் மீன்கடை வைத்திருப்பவர், இதைப் பார்த்துவிட்டு அவளுக்கு அரைப்பக்கம் என்று பெயரே வைத்துவிட்டார். தினமும் சாயங்காலம் கடையை மூடியதும் சர்க்கரையோ தீப்பெட்டியோ ஏதாவது கேட்டுக்கொண்டு வருவார். வந்ததும், “அரைப்பக்கம் இருக்காளா?” என்றுதான் கேட்பார்.

நேரம் இன்னொரு இழுபறி. கடைக்குப் போகுமுன் கிடைப்பது அதிகாலை ஒரு மணி நேரம். அதில் ஓடுவதா, எழுதுவதா? ஒருநாள் ஓட்டம், ஒருநாள் எழுத்து என்று வைத்துப் பார்த்தாள். எழுதும் நாளில் மேசைக்கடியில் கால் துடித்தது. ஓடும் நாளில் பணிமனைச் சுவர் பக்கம் போகும்போது கதை கொட்டோ கொட்டென்று கொட்டியது. வீடு வந்து காலணியைக் கழற்றுவதற்குள் எல்லாம் ஆவியாகப் போயிற்று. ஏதாவது ஒன்றை விட்டுத் தொலையேன் என்று சொல்லாதவர்கள் இல்லை. அவளா விடுவாள். விடுகிற குணமே இல்லாத பெண்.

கடைசியில் இடுப்பில் கட்டும் சின்னப் பை ஒன்றைக் கணவரிடம் தைத்து வாங்கினாள். அதற்குள் நாலாக மடித்த தாள்களும் ஒரு குட்டிப் பேனாவும். ஓடுவாள், வாக்கியம் வந்ததும் நிற்பாள், பணிமனைச் சுவரில் தாளை வைத்து எழுதுவாள், மறுபடி ஓடுவாள். பேருந்து ஓட்டுநர்கள் முதலில் பயந்துபோனார்கள். வண்டி எத்தனை மணிக்கு வெளியே போகிறது என்று யாரோ ஆள் வைத்துக் குறிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் ஒழுங்காக நேரத்துக்கு வண்டி எடுத்தார்களாம்.

மூச்சு வாங்க எழுதினால் கை ஆடும், தப்பு விழும். அப்போதுதான் எழுதுபொருள் கடைக்காரர் ஒரு பேனாவைக் காட்டினார். எழுதலாம், பின்பக்கத்து ரப்பர் முனையால் தேய்த்தால் மை சுவடில்லாமல் மறைந்துவிடும். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தப்பு செய்தால் தெரியவே தெரியாது என்றால் யாருக்குத்தான் எழுதக் கை வராது? அந்தப் பேனா வந்த பிறகு அவள் பாதிப் பக்கத்தைத் தாண்டினாள். பக்கத்தைத் தாண்டினாள். ஒரு கதை, பிறந்ததிலிருந்து முதல் முறையாக, அதன் கடைசி வரி வரைக்கும் வந்து நின்றது.

கதை பெரிய கதை ஒன்றுமில்லை. அக்கா தங்கை இரண்டு பேர். வயதான காலத்தில் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு மூக்குக்கண்ணாடி. அதை வைத்துக்கொண்டு அவர்கள் போடும் சண்டைதான் கதை. கடையில் வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனதில் சேர்ந்தது.

அந்தச் சமயம் பார்த்து வட்டார நூலகத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். இங்கே குடியிருப்பவர்கள் எழுதிய கதைகளைச் சேர்த்து ஒரு புத்தகம் அச்சடிக்கப்போகிறோம், கையெழுத்தில் கொடுத்தாலும் சரி, சனிக்கிழமை மதியத்துக்குள் கொண்டுவந்து தரவேண்டும் என்று. இருப்பதிலேயே நல்ல தாளை, இளமஞ்சளில் வழுவழுவென்று இருக்குமே, அதை எடுத்து அவள் கதையைத் திருத்தமாகப் பிரதி எடுத்தாள். அதே பேனாவால்தான். எழுதுவதும் தேய்ப்பதும் திரும்ப எழுதுவதுமாக ஒரு வாரம். அந்தப் பிரதி ஒன்றுதான் இருந்தது. சுவரில் வைத்துக் கிறுக்கிய துண்டுத் தாள்களை, இனி எதற்கு என்று குப்பைக்காரரிடம் போட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஓடப் போனவள், பிரதியையும் பையில் வைத்துக்கொண்டு போனாள். திடலில் உட்கார்ந்து ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டால் மனது அடங்கும் என்று. படித்தாள். அடங்கியது. திரும்பும்போது தூறல் பிடித்துக்கொண்டது. வீடு வந்து பார்த்தால் எழுத்து ஒன்றும் கரையவில்லை. ஆனால் தாள்கள் ஈரத்தில் நெளிந்து வாடிய இலையாகச் சுருண்டிருந்தன. வெட்டும் மேசைமேல் பரப்பிவிட்டுக் குளிக்கப் போனாள்.

கணவர் பார்த்தார். பாவம் அந்த மனிதர். பெண்டாட்டி முதல்முதலாக எழுதி முடித்தது இப்படிச் சுருண்டு கிடக்கிறதே என்று மனது கேட்கவில்லை. சுருக்கம் என்றால் அவர் கைக்கு ஒரே மருந்துதான் தெரியும். இஸ்திரிப் பெட்டியைப் போட்டார். சூட்டை அதிகம் வைக்காமல், பட்டுத்துணிக்குச் செய்வதுபோல் மேலே ஒரு வெள்ளைத் துணியை விரித்து, ஒவ்வொரு தாளாகப் பக்குவமாகத் தேய்த்து அடுக்கினார். அடுக்கி முடித்துத்தான் துணியை எடுத்துப் பார்த்தார்.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது, அவர் பேயறைந்தவர்போல் நின்றிருந்தார். மேசைமேல் தாள்கள் ஒரு சுருக்கமில்லாமல் இருந்தன. ஓர் எழுத்தும் இல்லாமல் இருந்தன.

“நான் சும்மா நேர் பண்ணலாம்னுதாம்மா…” என்றார்.

கத்தியிருந்தால்கூட அவர் பிழைத்திருப்பார். அவள் கத்தவில்லை. ஒவ்வொரு தாளாக எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பேனா அழுத்திய தடம் அங்கங்கே தெரிந்தது, படிக்க முடியவில்லை. தாள்களை ஓர் உறைக்குள் போட்டாள். ஈரத் தலையோடு செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். அவர் இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்று இருமுறை பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்.

எழுதுபொருள் கடைக்காரர் அப்போதுதான் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார். அவள் உறையை அவர் முன்னால் வைத்து, நீங்கள் விற்ற பேனா என் கதையைத் தின்றுவிட்டது என்றாள். அவர் நிதானமாக விசாரித்தார். இஸ்திரி என்ற வார்த்தையைக் கேட்டதும் கணவரை ஒருமாதிரி பார்த்தார்.

“அம்மா, இந்த மை சூட்டுலதான் மறையும். ரப்பரால தேய்க்கும்போது சூடு வருதில்ல, அதனாலதான் அழியுது. அட்டையிலேயே எழுதியிருக்கு. நீங்க படிக்கலையா?”

அவள் படிக்கவில்லை. கையில் கிடைத்த கதைப் புத்தகத்தை எல்லாம் அட்டை முதல் அட்டை வரை படிப்பவள், பேனா அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை. அவளுக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. பிறந்ததிலிருந்து முடித்த ஒரே கதை, நாளை மதியத்துக்குள் கொடுக்க வேண்டியது, உறைக்குள் வெள்ளையாகக் கிடக்கிறது. மறுபடி ஒரு வாரம் எங்கே இருக்கிறது? இருந்தாலும் மறுபடி அந்தக் கதை வருமா?

“அழாதீங்க, முழுசா கேளுங்க. சூட்டுல போனது குளிர்ல திரும்பி வரும். ஆனா சும்மா குளிர் இல்ல. கல்லா உறையணும், அப்படிக் குளிரணும்” என்றார் கடைக்காரர்.

கணவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வீட்டில் இருக்கும் குளிர்பெட்டியின் மேலறைக் கதவு சரியாக மூடாது. அதில் பனிக்கட்டியே அரைகுறையாகத்தான் உறையும். ஆனால் கல்லாக உறையவைக்கும் பெட்டி அவர்கள் குடும்பத்திலேயே இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் அடுத்த தெருவைப் பார்த்துத் திரும்பினார்கள்.

மீன்கடையில் அக்கா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி முகத்தையும் அவன் பெண்டாட்டி முகத்தையும் பார்த்து, யாருக்கோ உடம்பு சரியில்லை என்றே நினைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒருபாட்டம் சிரித்தார்.

“ஏண்டா, ஊர்ல எவனாவது கதையை இஸ்திரி போடுவானா?”

“அக்கா, நீ வேற.”

“அண்ணி, சிரிக்கிறதைச் சாயங்காலம் வச்சுக்கலாம். முதல்ல இதை உள்ள வைங்க” என்றாள் அவள்.

அந்தக் குரலில் அண்ணி சிரிப்பை நிறுத்தினார். உறையின்மேல் இரண்டு பிளாஸ்டிக் பைகளைப் போட்டு இறுக்கிக் கட்டினார். பெரிய பெட்டியின் மூடியைத் தூக்கி, பெரிய மீன்களை ஒதுக்கிவிட்டு, அடியில் நடுவாக வைத்து மூடினார். யாரும் இதைத் திறக்கக்கூடாது, வாடிக்கை போனாலும் பரவாயில்லை என்று பெட்டியின்மேல் ஒரு முக்காலியைப் போட்டு அதன்மேல் தராசையும் தூக்கி வைத்துவிட்டார். அன்று காலை அந்தக் கடையில் உறைந்த மீன் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் வெறுங்கையோடு போனார்கள்.

அவள் வேலைக்குப் போனாள். வில்லையைத் தேய்க்கும்போது கை வழக்கம்போல் ஆடாமல் நின்றது. அந்தக் கைக்குப் பழக்கம் அப்படி. மனசு மட்டும் மீன்களுக்கு நடுவில் கிடந்தது. மதியச் சாப்பாட்டு நேரம் வந்ததும் டிபனைத் திறக்காமலே ஓடினாள். செருப்பும் வேலை உடுப்புமாகக் கடைத்தெருவில் ஓடுபவளை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கணவர் அவளுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று அண்ணியைக் கேட்டதற்கு, போனால்தானே வருவதற்கு என்றார்.

முக்காலி இறங்கியது, தராசு இறங்கியது. பையைப் பிரித்து, விறைத்துப்போன தாள்களை அண்ணி துடைத்த மேசைமேல் வைத்தார். முதல் தாளில் எழுத்து இருந்தது. நீல எழுத்து, அவளுடைய எழுத்து, கொம்பும் காலும் புள்ளியுமாக அப்படியே வந்திருந்தது. கணவர் அந்தத் தாளைத் தொடக்கூட இல்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அங்கே கிடந்த மீன்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தபிறகுதான் இன்னொன்று தெரிந்தது. எழுத்து வந்தது சரி. அளவுக்கு மீறி வந்திருந்தது. அவள் ரப்பரால் தேய்த்து அழித்ததும் சூட்டில்தானே போயிற்று? அதுவும் திரும்பி வந்துவிட்டது. ஒரு வாரமாக அழித்த வாக்கியம் அத்தனையும் எழுந்து வந்து, புது வாக்கியங்களின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. சில இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. இதை அப்படியே நூலகத்தில் கொடுத்தால் பைத்தியம் என்று சொல்வார்கள்.

மற்ற நாளாக இருந்தால் ஒரே ஓர் அடித்தலுக்கே நோட்டை மூடியிருப்பாள். அன்று மூடவில்லை. போனது என்று நினைத்தது கையில் இருக்கிறதே, அந்த நிம்மதியில் தப்பெல்லாம் தப்பாகவே தெரியவில்லை. பை நிறையச் சாமான் சிந்திப் பொறுக்கி எடுத்தது போலத்தான் இருந்தது. நசுங்கியது இருக்கட்டும், கிடைத்ததே. இன்றைக்கு இராப்பொழுதுக்குள் பார்த்துப் பிரித்து எழுதிவிடலாம் என்றாள்.

சாயங்காலம் அண்ணி வழக்கம்போல் வந்தார். வெட்டும் மேசையில் துணியை ஒதுக்கி அவளுக்கு இடம் விட்டிருந்தார் கணவர். இஸ்திரிப் பெட்டி பரணுக்கு ஏறியிருந்தது. அவள் கடையிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு, அடுக்கடுக்காக இருந்த வரிகளைப் பிரித்து உரக்கப் படித்துக் காட்டினாள். கடைசிப் பக்கத்தில் இரண்டு முடிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மேலே இருந்தது அவள் முடிவாக வைத்தது: சகோதரிகள் கட்டிப்பிடித்து அழுது இன்னொரு கண்ணாடி வாங்குகிறார்கள். அடியில் இருந்தது அழித்தது: அக்காவுக்குக் கண்ணாடி இல்லாமலே நன்றாகத் தெரியும், தங்கை தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும் என்பதற்காகவே தெரியாததுபோல் இருக்கிறாள்.

“இது நல்லா இருக்கே. ஏன் அழிச்ச?” என்றார் அண்ணி.

அக்காவைப் பொய்க்காரி என்று படிப்பவர்கள் நினைத்துவிடுவார்களே என்று பயந்ததாக அவள் சொன்னாள்.

அண்ணி கையிலிருந்த சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் தெனம் உங்க வீட்டுக்குச் சர்க்கரை கேட்டு வர்றேன். எங்க வீட்டுல சர்க்கரை இல்லாமலா வர்றேன்?”

தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றுவிட்டது. கணவர் எழுந்து உள்ளே போய், யாரும் கேட்காமலே அக்காவுக்குத் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். அவள் உருப்பெருக்கியை அந்த அடி வரியின்மேல் வைத்தாள்.

அன்று அவள் பிரதி எடுத்தது, வீட்டுக் கணக்கு எழுதுகிற சாதாரண பந்துமுனைப் பேனாவால். தாளும் சாதாரணத் தாள்தான். நடுவில் இரண்டு இடத்தில் அடித்தல் விழுந்தது. ஒரு கோடு போட்டுவிட்டு மேலே எழுதிக்கொண்டு போனாள். ஆனால் கடைசி வரியில் சிக்கியது. அழித்த முடிவை எடுத்துக்கொண்டால் மற்ற பக்கங்களோடு அது சரியாக உட்காரவில்லை. சட்டத்துக்குப் பொருந்தாத வில்லை மாதிரி ஆடியது. படுத்துத் தூங்கிவிட்டாள்.

சனிக்கிழமை விடிந்தது. இன்றைக்கு மட்டும் ஓடவேண்டாம், உட்கார்ந்து முடித்துவிடு என்று கணவர் கெஞ்சினார். நியாயமான பேச்சுதான். யார் கேட்டது? அவள் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, உட்கார்ந்தால் அது வராது, அதற்குக் கால் வேண்டும் என்றாள். தாள்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வெறும் ஆளாக ஓடினாள். திடலில் வரவில்லை. பணிமனைச் சுவர் முழுக்க வரவில்லை. தண்ணீர்த் தொட்டியைத் தொட்டுத் திரும்பும்போது, தங்கைக்கும் அது தெரியும் என்று தோன்றியது. அக்காவுக்குக் கண் தெரியும் என்பது தங்கைக்கு எப்போதோ தெரியும். தெரிந்தேதான் அவள் தினமும் வந்து படிக்கிறாள். அவ்வளவுதான். அவள் நிற்கவில்லை, எழுத எதையும் தேடவில்லை. அந்த ஒரு வரியை வாய்க்குள் போட்டுக்கொண்டு வீடு வரை ஓடிவந்து, வியர்வை சொட்டச் சொட்ட நின்றுகொண்டே எழுதினாள். ஒரு சொட்டு தாளில் விழுந்தது. ஊதிவிட்டாள்.

நூலகத்தில் நூலகர் அம்மா தாள்களைப் புரட்டிப் பார்த்தார். அடித்தல் இருக்கிறதே என்று சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் பக்க எண்ணை மட்டும் சரிபார்த்தார்.

“கடைசிப் பக்கம் இதுதானே? வேற எதுவும் வரணுமா?”

“இல்லைங்க. அவ்வளவுதான்.”

நூலகர் தாள்களைக் கிளிப்பில் கோத்து மற்றக் கதைகளோடு வைத்தார். அடுத்து நின்றவரைப் பார்த்து வாங்க என்றார். அதோடு முடிந்தது. மேளமும் இல்லை தாளமும் இல்லை.

வெளியே படியில் கணவர் காத்திருந்தார். வாங்கிக்கொண்டார்களா என்று கண்ணாலேயே கேட்டார். ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள். படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். கையில் ஒன்றும் இல்லை. போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு இருவரும் அப்படியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்குப் போகலாமா என்று அவர் கேட்டபோது, கொஞ்சம் இருங்க, அவசரம் ஒண்ணும் இல்லையே என்றாள்.